தொழில் என்று போட்ட கோடு

காகிதமும் பேனையுமாக வருகிறவர்களைச் சுடலைமுத்துவின் கண்ணில் காட்டக்கூடாது. கத்தியோடு வருகிறவனை நம்பலாம், அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியும். பேனையோடு வருகிறவன் எழுதிக்கொண்டு போய் எந்த மேசையில் வைப்பான், அதை எவன் வாசிப்பான், வாசித்துவிட்டு எந்த ஜீப்பில் ஏறி வருவான் என்று யாருக்குத் தெரியும்? அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். கொழும்பில் தமிழனாகப் பிறந்தவன் பெயரை நாலு இடத்தில் எழுதி வைத்திருந்த காலம்.

அப்படிப்பட்ட ஆளின் வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் இளம் பெண் வந்து நின்றாள். கையில் ஃபைல். தோளில் துணிப்பை. வெள்ளைச் சட்டையின் பையில் ஒன்றல்ல, மூன்று பேனை.

"சுடலைமுத்து ஐயா நீங்கள்தானே? நான் அருந்ததி. பெரியாஸ்பத்திரியில படிக்கிறனான். நீங்கள் மூண்டு மாசமாக் கிளினிக்குக்கு வரேல்லை. அதுதான் தேடிக்கொண்டு வந்தனான்."

யாழ்ப்பாணப் பேச்சு. ஆஸ்பத்திரிக்காரர்கள் நோயாளியைத் தேடி வீட்டுக்கு வந்ததாகச் சுடலைமுத்து பிறந்ததில் இருந்து கேள்விப்பட்டதில்லை.

அவர் கிளினிக்குக்குப் போகாததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, பொல்லை ஊன்றி நடக்கலாம். கை திரும்பவில்லை. நெஞ்சோடு மடங்கி, விரல் ஐந்தும் உள்ளங்கைக்குள் புதைந்து, இறுகிய முட்டியாக நின்றுவிட்டது. தூக்கத்தில்கூட அது அவிழாது.

ஒருநாள் மனைவி ராக்கம்மாவோடு கிளினிக்கில் இருந்து திரும்பும்போது, கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டை எங்கே என்று கேட்டான் ஒரு சிப்பாய். மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன். சுடலைமுத்து இடக்கையால் சட்டைப் பையைத் துழாவினார். சிப்பாயின் பார்வை அந்தக் கைக்குப் போகவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த வலது முட்டியில் போய் நின்றது.

"அத்த அறின்ன!"

கையைத் திற என்கிறான். திறக்கவில்லை. மறுபடி கத்தினான். திறக்கவில்லை. துவக்கு உயர்ந்தது. ஒரு மனிதன் மூடிய கைக்குள் என்னவெல்லாம் வைத்திருக்கலாம் என்று அந்த வருஷத்தில் எல்லோருக்கும் தெரியும். ராக்கம்மா கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, முறுக்குப் பிய்ப்பதுபோல் பிய்த்து விரித்துக் காட்டினாள். உள்ளே வியர்வையும் நான்கு நகத் தழும்பும்தான் இருந்தன. துவக்கைப் பிடித்திருந்தவனுடைய கையும் நடுங்கியதைச் சுடலைமுத்து பார்த்தார். அதுதான் அவருக்கு அதிகப் பயம். நடுங்குகிற கைதான் சுடும்.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர் பிறகு படி இறங்கவில்லை.

அருந்ததி உள்ளே வந்து, காட்டிய முக்காலியில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்தாள். கேள்வி தொடங்கியது.

"வீட்டில எத்தனை பேர் இருக்கிறியள்?"

"ரெண்டு."

"எத்தனை வருஷமா இந்த வீட்டில?"

"ரொம்ப."

"ஆர் ஆர் வந்து போறவை? வெளிக்கிட்டுப் போறதெண்டால் எத்தனை மணிக்குப் போவியள்?"

சுடலைமுத்து ராக்கம்மாவைப் பார்த்தார். ராக்கம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டிருந்தாள். போன வருஷம் பொலிஸ் வந்து தமிழ் வீடுகளைப் பதிந்தபோது கேட்டதும் இதே கேள்விகள்தான். அதே வரிசை.

அதோடு விட்டாளா? பையில் இருந்து அளவு நாடாவை எடுத்து வாசலின் அகலத்தை அளந்தாள். படிகளை எண்ணினாள். கட்டம் போட்ட தாளில் அந்த ஒற்றை அறையை, கதவு, ஜன்னல், அடுப்பு, கட்டில் எல்லாம் சேர்த்து வரைந்தாள். கடைசியில் தோட்டத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான கக்கூசுக்குப் போய் அதன் படி உயரத்தையும் அளந்துகொண்டு வந்தாள்.

"பொலிஸ்காரங்கூட கக்கூஸ அளக்கலியே" என்று ராக்கம்மா காதுக்குள் சொன்னாள்.

"இவ அதுக்கும் மேல. சீ.ஐ.டி." என்றார் சுடலைமுத்து.

"என்ன தொழில் செய்தனீங்கள் ஐயா?" என்று கேட்டாள் அருந்ததி. இந்தக் கேள்விக்குப் பேனையை மாற்றினாள். தடித்த பேனை. தாளில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோடு போட்டிருந்தது, அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள்.

சுடலைமுத்து நாட்டாமை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாற்பத்தொரு வருஷம் மூட்டை சுமந்தவர். லொறியில் வருகிற மிளகாய், வெங்காயம், பருப்பு எல்லாம் கடைக்குள் போவது நாட்டாமைமாரின் முதுகில்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லொறியில் குண்டு வந்து வெடித்தபின் அந்தச் சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது. லொறியில் ஏற்றியது யார், இறக்கியது யார், எந்த மூட்டையை எவன் தொட்டான் என்று கேட்டு அவரோடு சுமந்தவர்களில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான். வந்தவன் பேசுவதில்லை. அன்றில் இருந்து சுடலைமுத்து புதிய முகத்துக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னது கிடையாது. அடையாள அட்டையில் தொழில் என்று எழுதியிருந்ததை மட்டும் அவரால் அழிக்க முடியவில்லை.

"தேத்தண்ணிக் கடையில டீ போட்டேங்க மிஸ்."

ராக்கம்மாவுக்குப் புரையேறிவிட்டது. வாழ்நாளில் ஒரு கோப்பை தேத்தண்ணி தானாக ஊற்றிக் குடிக்காத மனிதன்.

அருந்ததி எழுதிக்கொண்டாள். சந்தோஷமாகவே எழுதினாள். "நல்லது ஐயா. எங்கட படிப்புக்கு அதுதான் முக்கியம். தொழில்வழி வைத்தியம் எண்டு இதுக்குப் பேர்."

"தொழிலுக்கு வைத்தியமா? தொழிலுக்கு என்னாங்க நோவு?"

அவள் சிரித்துவிட்டாள். "தொழிலுக்கு இல்லை. தொழிலால வைத்தியம். மனுசர் பழகின வேலையள் இருக்கெல்லே, உடுப்புப் போடுறது, சாப்பிடுறது, உழைக்கிறது, அதையே மருந்தாக் குடுக்கிறது."

"அப்ப மிஸ் டாக்டருக்குப் படிக்கிறீங்களா?" என்றாள் ராக்கம்மா.

"இல்லையம்மா. மூண்டு வருஷப் படிப்பு. அம்மா ஊரில டிகிரி, டிகிரி எண்டு சொல்லித் திரியிறா, நானும் மறுக்கிறதில்லை. இது கடைசி வருஷம். சோதினைக்கு ஆளுக்கொரு நோயாளியைக் குடுப்பினம். எனக்கு ஐயா. பத்துக் கிழமையில ஐயாவின்ர கையில ஒரு மாற்றத்தைக் காட்ட வேணும்."

பிறகு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, அவருடைய முட்டியைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் எடுத்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஐயா, இந்தக் கை என்ன செய்ய வேணுமெண்டு நீங்கள் ஆசைப்படுறியள்?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. வைத்தியர்கள் கேட்டதில்லை, கோயில் பூசாரி கேட்டதில்லை, ராக்கம்மாவும் கேட்டதில்லை. யோசித்துப் பொய் சொல்ல நேரம் கிடைப்பதற்குள் உண்மை வாயில் இருந்து விழுந்துவிட்டது.

"தொறக்கணும். தொறன்னா தொறக்கணும். இந்தப் பையில இருந்து ஐடென்டிய எடுத்து, ஆமிக்காரன் கையில குடுக்கணும். அம்புட்டுத்தான்."

அருந்ததி அதையும் எழுதினாள். கொஞ்சம் யோசித்து, "பையை வலப்பக்கத்துக்கு மாத்தித் தைச்சால் இடக்கையால லேசா எடுக்கலாமே?" என்றாள்.

"மிஸ்ஸுக்குச் செக்பொயின்ட் தெரியாதா? கை போற எடத்தத்தான் அவன் பாப்பான். எல்லாரு கையும் போற எடத்துக்குப் போனா விடுவான். வேற எடத்துக்குப் போச்சு, முடிஞ்சுது. பையி இங்கதான் இருக்கணும். இந்தக் கைதான் போகணும்."

அவள் பேனையை மூடினாள். "அதை நான் யோசிக்கேல்லை ஐயா" என்றாள் மெல்ல.

அடுத்த கிழமை வரும்போது ஒரு தாள் கொண்டுவந்தாள். அதில் இலக்கம் போட்டு எழுதியிருந்தது. சட்டைப் பையில் இருந்து அட்டை எடுப்பதைப் பிரித்து எழுதியிருக்கிறாளாம். வாசித்தாள்.

"முதலாவது, தோள் இறுகாமல் தளர வேணும். ரெண்டாவது, முழங்கை நெஞ்சைவிட்டு விலக வேணும். மூண்டாவது, மணிக்கட்டு நிமிர வேணும். நாலாவது, பெருவிரல் வெளியில வர வேணும். அஞ்சாவது, மற்ற விரல் நாலும் விரிய வேணும். ஆறாவது, பையின்ர வாயை விரல் நுனி பார்க்காமலே கண்டுபிடிக்க வேணும்…"

பதினேழு இருந்தது. சுடலைமுத்து வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயசுக்குள் எத்தனையோ தரம் சட்டைப் பைக்குள் கை விட்டிருக்கிறார். பீடி எடுத்திருக்கிறார், சில்லறை எடுத்திருக்கிறார், அதற்குள் பதினேழு வேலை நடந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலே அவருடைய கை ஒரு பெரிய கச்சேரி நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. இவள் அதன் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"கைக்குள்ள மட்டும் இருபத்தேழு எலும்பு ஐயா. ஒவ்வொண்டுக்கும் பேர் இருக்கு. எல்லாம் பாடமாக்கினனான்."

"இருபத்தேழா? ஒரு கையிலயா?" அவர் தன் முட்டியைப் பார்த்தார். முட்டைக்குள் என்ன இருக்கிறதென்று வெளியே நின்று பார்க்கிறவர்போலப் பார்த்தார். இவள் சீ.ஐ.டி.யாகத்தான் இருக்க வேண்டும், சாதாரண ஆளுக்கு இவ்வளவு தெரியாது என்றும் நினைத்தார்.

பிறகு தேத்தண்ணி தொடங்கியது. அவர் சொன்ன பொய்யை அவள் அப்படியே நம்பி, அதன்மேல் முழு வைத்தியத்தையும் கட்டியிருந்தாள். பழகின வேலைதானே மருந்து! இரண்டு தகரக் குவளை, ஒரு வடி, தேயிலைச் சாயம் வடிக்கிற ஒரு துணி எல்லாம் வாங்கி வந்திருந்தாள். குவளையைப் பிடியுங்கோ, தூக்குங்கோ, ஆத்துங்கோ. வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். தான் தங்கியிருந்த வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் மாறி, வழியில் எத்தனை சாவடியோ அத்தனையிலும் பையைத் திறந்து குவளையைக் காட்டிவிட்டு வந்தாள். சுடலைமுத்துவுக்கு ஆத்தத் தெரியாது. தண்ணீர் இடுப்புச் சாரத்தில் கொட்டியது.

"இவரு போட்ட டீய எவன்தான் குடிச்சானோ" என்பாள் ராக்கம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஐந்து வாரம் போனது. கை அவிழவில்லை. குவளையின் காதைப் பிடிக்கச் சொல்லிச் சொல்லி, இன்னும் இறுகியது. ஆறாம் கிழமை அருந்ததி வந்து குவளையை வெளியே எடுக்காமல் சும்மா இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எங்க பிழை விட்டனான் எண்டு விளங்கேல்லை ஐயா. திரும்பத் திரும்ப வாசிச்சுப் பார்த்திட்டன். என்ர புத்தகத்தில இருக்கிறபடி உங்கட கை இப்ப கொஞ்சமாவது கேட்டிருக்க வேணும். எங்களுக்குப் படிப்பிக்கிற மாக்ரெட் மிஸ் சொல்லுறா, வேற நோயாளியை மாத்தட்டாம். நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் சொன்ன பொய்க்கு அவள் தன்னைத் திட்டிக்கொள்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சுடலைமுத்துவுக்கு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இதுவும் வாயைப் பிடுங்குகிற தந்திரமாக இருக்கலாம்.

"தோள் பட்டையை ஒருக்காப் பாப்பம். பெனியனைக் கழட்டுவமே?" என்றாள் அவள்.

ராக்கம்மா பெனியனைக் கழற்றிவிட்டாள். அருந்ததி பின்பக்கம் போய்ப் பட்டை எலும்பைத் தடவிக்கொண்டு வந்தாள். கை அப்படியே மேலே ஏறி, பிடரிக்குக் கீழே வந்ததும் நின்றது. அந்த இடத்தில் மாட்டுத் திமில்போல ஒரு தடிப்பு இருந்தது. தோல் ஆமை ஓடாகக் காய்ந்து, மயிர் ஒன்றுகூட முளைக்காமல், பளபளவென்று. அவள் அதை விரலால் அழுத்தினாள். முதுகெலும்பின் வழியே கீழே இறங்கினாள். இடுப்பில் நின்றாள். மறுபடி மேலே போனாள்.

"ஐயா."

"ம்."

"தேத்தண்ணி போடுற ஆளுக்கு இந்த இடத்தில தடிப்பு வராது. வலது தோள் இப்பிடிச் சரியாது. முதுகில ஆறாவது எலும்பும் ஏழாவதும் ஒட்டின மாதிரிக் கிடக்காது." குரல் தாழ்ந்துவிட்டது, கோயிலுக்குள் பேசுகிறவள்போல. "இது சின்ன வயசில இருந்து பாரம் ஏத்தின முதுகு. ஐம்பது கிலோ, அறுபது கிலோ. ஒரு நாளைக்கு நூறு தரமாவது. நீங்கள் மூட்டை சுமந்தனீங்கள்."

வாயைத் திறக்காமல் மறைத்து வைத்திருந்த நாற்பத்தொரு வருஷத்தை இவள் அவருடைய முதுகில் தடவி வாசித்துவிட்டாள். எழுத்துத் தெரியாத மனிதன் தன் முதுகில் இவ்வளவு எழுதி வைத்திருந்தது அவருக்கே தெரியாது.

"நீங்க சீ.ஐ.டி.யா?" என்று நேரே கேட்டார்.

அருந்ததி முன்பக்கம் வந்து அவரைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியில் நின்றது. துணிப்பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்து மடித்துக் கிழியப் பார்த்த ஒரு கடதாசியை எடுத்து விரித்தாள். பொலிஸ் முத்திரை குத்தியிருந்தது.

"இது வெள்ளவத்தையில நான் இருக்கிற வீட்டுப் பதிவு. இதில என்ர பேர் நாலாவது. இது இல்லாமல் நான் கடைக்குப் பாண் வாங்கவும் போறதில்லை. போன மாசம் பஸ்ஸில இருந்து இறக்கி, உங்கட வீட்டுப் படத்தைப் பார்த்திட்டு ரெண்டு மணித்தியாலம் வைச்சிருந்தவங்கள். ஆற்ற வீடு, ஏன் கதவு அளந்தனீ எண்டு. கக்கூஸ் படியின்ர உயரத்தைப் பார்த்துத்தான் சிரிச்சுப்போட்டு விட்டவங்கள்."

ராக்கம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏன் புள்ள அத எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னால் ஐயா இன்னும் பயப்படுவார் எண்டு."

சுடலைமுத்து அந்தக் கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரையைத் தெரியும். அதே முத்திரை அவர் வீட்டுக் கடதாசியிலும் இருந்தது.

"நாட்டாமை" என்றார். "நாலாங் குறுக்குத் தெரு." லொறியின் கதையையும், போன மூன்று பேரின் கதையையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "ஆனா எழுதாத புள்ள. எதுல வேணாலும் என்ன வேணாலும் எழுதிக்க. அத மட்டும் எழுதாத" என்றார்.

அவள் ஃபைலைத் திறந்து, மேலே கோட்டின்மேல் எழுதியிருந்த தேத்தண்ணிக் கடையை அடித்தாள். அடித்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

"எழுதமாட்டன் ஐயா."

அடுத்த முறை அவள் குவளை கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டு மஹ்ரூப் இன்னமும் நாலாம் குறுக்குத் தெருவில் சுமக்கிறவர். அவரிடம் சொல்லி ஒரு வெறும் மிளகாய்ச் சாக்கு கேட்டு வாங்கினாள். அதற்குள் பழந்துணி அடைத்து நாலு கிலோ அளவில் ஒரு குட்டி மூட்டை கட்டினாள். மஹ்ரூப் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்த சுடலை, தொட்டில் பிள்ளைக்கா மூட்ட கட்டியிரிக்கி?" என்று சிரித்தார்.

"ஐயா, மூட்டையை இறக்கேக்க என்ன செய்வியள்? சொல்லுங்கோ. எனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரியாது என்று அவள் வாயால் சொன்னதைச் சுடலைமுத்து முதல் தடவை கேட்டார். "சுமக்கிறது ஒண்ணும் பெரிசில்ல புள்ள. எறக்குறதுதான் வேல. சாக்கு மூலைக் காத இப்பிடிப் புடிச்சிருப்போம். அடுக்குக்குக் கிட்ட வந்து, குனிஞ்சு, தோளச் சாச்சு, மூட்ட நகரும் பாரு, அந்த நேரம் கைய விட்டுறணும். கொஞ்சம் பிந்துனாலும் மூட்ட நம்மளயும் இழுத்துக்கிட்டுப் போயிரும். கழுத்து ஒடிஞ்ச ஆளு இருக்கான்."

"விடுறதா?" என்றாள் அவள். அந்தச் சொல்லை ஏதோ கிடைக்காத பொருள் கிடைத்ததுபோலத் திருப்பிச் சொன்னாள். "ஒரு நாளைக்கு நூறு தரம் விட்டிருக்கிறியள். நான் ஐஞ்சு கிழமையா உங்களைப் பிடிக்கச் சொல்லி வதைச்சிருக்கிறன்."

மூட்டையை அவருடைய பிடரியில், அந்தத் திமிலின்மேல் வைத்தாள். காய்ந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறியது. அவருடைய கால்கள் தாமாக அகன்றன. முதுகு தானாக வளைந்தது. அருந்ததி முட்டியை மெல்ல அவிழ்த்து, சாக்குக் காதில் விரல்களைப் பதித்துவிட்டாள். ராக்கம்மாவின் கட்டில்தான் அடுக்கு.

"போங்கோ ஐயா."

நாலு அடி. மஹ்ரூப் ஒழுங்கைச் சந்தில் சுமக்கும்போது கத்துகிற மாதிரியே பின்னால் இருந்து "பாரம், பாரம், வழி விடு!" என்று கத்தினார். சுடலைமுத்து கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். தோள் சாய்ந்தது. மூட்டை நகர்ந்தது.

கை விட்டது.

யாரும் விரலைப் பிரிக்கவில்லை. அவரும் விடு என்று நினைக்கவில்லை. மூட்டை கட்டிலில் போய் விழுந்தது. வலது கை அந்தரத்தில் நின்றது, விரல் ஐந்தும் விரிந்து, உள்ளங்கை தெரிய. ராக்கம்மா மெல்லுவதை மறந்து நின்றாள். மஹ்ரூப் "யா அல்லாஹ்" என்றார், சத்தம் வரவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படி இருந்தது. பிறகு விரல்கள் மெல்ல மெல்ல, தொட்டாற்சிணுங்கி இலைபோல், மூடிக்கொண்டன.

சுடலைமுத்து தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாக நாட்டாமை இல்லை, நாட்டாமை இல்லை என்று அவர் புதிய முகங்களுக்கெல்லாம் சொல்லிவந்தார். கை மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னொருக்கா" என்றார்.

மிச்ச நாலு கிழமையும் அந்த மூட்டை கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தது. பிறகு மூட்டை இல்லாமல், குனிந்தால் கை திறந்தது. அதன்பின் தோளைக் கொஞ்சம் சாய்த்தாலே திறந்தது. பதினேழு வேலையில் பதினான்குவரை வந்துவிட்டார். விரல் பைக்குள் போகும், அட்டையைப் பிடிக்கும், பையின் வாய்வரை இழுக்கும். அங்கே நழுவிவிடும். ஒருமுறையும் முழுதாக வெளியே வரவில்லை.

அருந்ததியின் பரீட்சைக்குப் போகிற நாளில் மூன்று சில்லு ஓட்டோவில் போனார்கள். சாவடியில் ராக்கம்மாதான் இரண்டு பேருடைய அட்டையையும் நீட்டினாள். சுடலைமுத்து வலது கையை விரித்து முழங்காலில் வைத்து, அது மூடிவிடாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "என் ஐடென்டிய என் பையில வையி" என்றார்.

அறையில் நீள மேசைக்குப் பின்னால் மாக்ரெட் மிஸ் இருந்தார். அருந்ததியின் ஆசிரியை, நரைத்த தலை, கழுத்தில் சிலுவை. மேசை நிறையக் காகிதம். அருந்ததி இங்கிலீசில் சொன்னாள். மூட்டையைக் காட்டினாள். சுடலைமுத்து சுமந்து இறக்கினார், கை விட்டது. மாக்ரெட் மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் அவர் ஃபைலின் முதல் தாளுக்குப் போய், மேலே இருந்த வெறும் கோட்டைப் பேனையால் தட்டினார். ஏதோ கேட்டார். அருந்ததி தலை குனிந்தாள். மறுபடி தட்டினார். இந்த முறை குரல் தடித்திருந்தது. அருந்ததியின் காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

சுடலைமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தக் கோட்டைத் தெரியும். தொழிலை எழுதாமல் தொழில்வழி வைத்தியம் எப்படிச் செய்தாய் என்றுதான் கேட்பார்கள், வேறென்ன கேட்பார்கள்? மூன்று வருஷப் படிப்பு அந்த வெறும் கோட்டில் நிற்கிறது. ஒரு சொல் எழுதினால் தப்பிவிடுவாள். எழுதமாட்டாள், வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மாக்ரெட் மிஸ் அவர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார். "ரஸ்ஸாவ மொகக்த, சீயே?"

என்ன தொழில், தாத்தா? குரல் மென்மையாகத்தான் இருந்தது. கையில் பேனை இருந்தது.

சுடலைமுத்து வாயைத் திறந்தார். இரண்டு வருஷம் அடைத்துவைத்த சொல் வரவில்லை. ஆனால் தோள் சாய்ந்தது. முழங்கை நெஞ்சைவிட்டு விலகியது. மணிக்கட்டு நிமிர்ந்தது, பெருவிரல் வெளியே வந்தது, மற்ற நாலும் விரிந்தன. அருந்ததி நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய உதடுகள் எண்ணுவது தெரிந்தது. விரல் நுனி பையின் வாயைத் தேடிக் கண்டுபிடித்தது. உள்ளே போனது. பிடித்தது. இழுத்தது. பதினான்கு. அட்டை பையின் வாயில் வந்து சாய்ந்தது, நழுவப் பார்த்தது. சுடலைமுத்து லேசாகக் குனிந்தார், பாரம் முதுகில் இருப்பதுபோல. பதினைந்து. அட்டை வெளியே வந்தது. பதினாறு. கை மேசைக்கு நீண்டது.

விட்டது.

அட்டை காகிதங்களுக்கு நடுவில் விழுந்தது. மாக்ரெட் மிஸ் அட்டையைத் தொடவில்லை. மேசையின்மேல் விரிந்தபடி நின்ற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், இருபத்தேழு எலும்பின் பெயரும் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர், கையை இன்றுதான் பார்க்கிறவர்போல.

"அதுல எழுதியிருக்கு" என்றார் சுடலைமுத்து சிங்களத்தில். "வாசிச்சுப் பாருங்க."

மாக்ரெட் மிஸ் அட்டையைத் திருப்பி, சிங்களத்தில் இருந்ததை வாசித்தார். "நாட்டாமி."

"புள்ளைக்குத் தெரியும். நான்தான் எழுதாதன்னேன்."

மாக்ரெட் மிஸ் கொழும்பில் இருக்கிறவர், ஏன் என்று கேட்க அவசியம் இருக்கவில்லை. பேனையைத் தாளில் வைக்கப் போனவர், எழுதாமல் வைத்துக்கொண்டு, "இப்போது எழுதலாமா?" என்று கேட்டார்.

பேனை வைத்திருக்கிற ஒருவர் அவரிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"எழுதுங்க. அந்தப் புள்ள எழுதட்டும்."

அருந்ததி தடித்த பேனையை எடுத்தாள். அவளுடைய கை நடுங்கியது. நடுங்குகிற கையைப் பார்த்து அன்றைக்குச் சுடலைமுத்து பயப்படவில்லை. அவள் எழுதி முடித்ததும் மாக்ரெட் மிஸ் தாளின் மூலையில் ஓர் இலக்கம் போட்டார். அது எத்தனை என்று அவருக்கு விளங்கவில்லை. அருந்ததி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதில் விளங்கியது.

அட்டையை மறுபடி பையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பும்போது கொட்டாஞ்சேனைச் சாவடியில் ஓட்டோ நின்றது. அந்த மீசை முளைக்காத சிப்பாய்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். கிழவனையும் கிழவியையும் மடியில் இருந்த குட்டி மூட்டையையும் பார்த்தான். மூட்டையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

"யன்ன, யன்ன."

"இரு மல்லி" என்றார் சுடலைமுத்து. மல்லி என்றால் தம்பி.

"ஐயோ, போகச் சொல்றான், வாங்க!" என்று ராக்கம்மா சாரத்தைப் பிடித்து இழுத்தாள். ஓட்டோக்காரன் திரும்பி முறைத்தான். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. சுடலைமுத்து அசையவில்லை. தோளைச் சாய்த்தார்.

சிப்பாய்க்கு என்ன என்று விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் கை மெல்லத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான், அது பைக்குள் போய், வெளியே வந்து, தன்னிடம் நீளும்வரைக்கும்.